ரகசியப் பையும் சாதிச் சான்றிதழும்

கத்தோலிக்கப் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபை என்ற ஓர் அமைப்பு உண்டு. அதில் இருப்பவர்கள் குருக்களோ கன்னியரோ அல்லர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பள்ளி ஆசிரியை, ஆட்டோ ஓட்டுபவர், கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து வருபவர் என்று சாதாரண மக்கள்தான். ஒருவரை ஒருவர் 'சகோதரர்', 'சகோதரி' என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். வாரம் ஒருமுறை கூடுவார்கள். ஜெபம், போன வாரக் குறிப்பு வாசிப்பு, பிறகு யார் வீட்டுக்குப் போனோம், அங்கே என்ன நிலைமை, யாருக்கு அரிசி, யாருக்கு மருந்து, யார் பிள்ளைக்கு ஃபீஸ் என்று பேச்சு நடக்கும். கூட்டம் முடிவதற்குள் ஒரு துணிப்பை சுற்றி வரும். மூடிய கையை உள்ளே விட்டு வெளியே எடுப்பார்கள். யார் நூறு ரூபாய் போட்டார், யார் ஒன்றுமே போடவில்லை என்று பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. ரகசியக் காணிக்கை என்பது இதுதான்.

கொடுப்பவரின் பெருமையையும் கொடுக்க முடியாதவரின் கூச்சத்தையும் ஒரே பைக்குள் போட்டு மூடிவிடும் இந்த வழக்கம் எனக்குப் பிடிக்கும். நன்கொடை கொடுத்துவிட்டு ட்யூப்லைட்டில் பெயர் எழுதி வைக்கும் நாட்டில் இது சின்ன விஷயம் அல்ல. உதவி பெறும் குடும்பத்தின் பெயரும் கூட்டத்துக்கு வெளியே போகக்கூடாது என்பது சபையின் இன்னொரு மரபு. ஏழைக்கும் மானம் உண்டு என்று ஏற்றுக்கொண்ட மரபு அது.

சாதி ஒழிப்பு பேசும் இடத்தில் இந்தச் சபைக்கு என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. வறுமையை மறைத்துக் காக்கும் ரகசியம் வேறு, சாதியை மறைத்துக் காக்கும் ரகசியம் வேறு. இந்தச் சபை முதலாவதை நன்றாகச் செய்கிறது. இரண்டாவதையும் தெரிந்தோ தெரியாமலோ சேர்த்தே செய்துவிடுகிறது.

முதலில் சபையின் வரலாற்றைப் பார்ப்போம். 1833 ஏப்ரல் 23. பாரிசில் சில கல்லூரி மாணவர்களும், அவர்களுக்கு ஆதரவாக இருந்த பெய்யி என்ற பத்திரிகையாளரும் கூடினார்கள். மாணவர்களில் முக்கியமானவர் ஃபிரடெரிக் ஓசானாம். அன்று அவருக்கு 20 வயது நிறைவு. அதற்கு முன்பு நடந்த விவாதக் கூட்டங்களில் சான்-சிமோன் வழி சோஷலிஸ்டு மாணவர்கள் இவர்களை மடக்கியிருந்தார்கள். கிறிஸ்தவம் ஒருகாலத்தில் எதையோ செய்தது சரி, இன்று ஏழைக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது அவர்கள் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் சபை பிறந்தது. மூஃப்தார் பகுதியின் சேரிகளில் பல ஆண்டுகளாக வேலை செய்துவந்த ரோசலி ரெந்து என்ற கன்னியாஸ்திரி, எந்த வீட்டுக்குப் போவது, எப்படிப் பேசுவது என்று இந்தப் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 17ஆம் நூற்றாண்டில் ஏழைகளுக்காக உழைத்த விவசாயி மகன் வின்சென்ட் தே பவுலின் பெயரைச் சபைக்கு வைத்தார்கள். 1863இல் புனேயில் இந்தியாவின் முதல் கிளை தொடங்கியது.

ஓசானாம் வெறும் தர்மகர்த்தா அல்லர். லியோன் நகரில் வணிகச் சட்டம் கற்பித்தபோது தொழிலாளியின் கூலி, சுரண்டல் பற்றியெல்லாம் வகுப்பில் பேசினார். 1848 புரட்சியின்போது மக்கள் பக்கம் வாருங்கள் என்று கத்தோலிக்கரை அழைத்து, சொந்த ஆட்களிடமே வசை வாங்கினார். தர்மம் மட்டும் போதாது, நீதி வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. 40 வயதில் இறந்துபோனார். 1997இல் திருச்சபை அவருக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்தது. பட்டம் கொடுத்த பிறகு அவருடைய தர்மம் மட்டும் பீடத்தில் ஏறியது, நீதி கீழேயே நின்றுவிட்டது.

சபையின் மையமான வழக்கம் வீடு சந்திப்பு. இருவர் இருவராகப் போக வேண்டும். ஏழையைக் கோயில் வாசலுக்கு வரச்சொல்லி வரிசையில் நிறுத்தக்கூடாது, அவர் வீட்டுக்குள் போய் உட்கார வேண்டும். எந்த மதத்தவர் என்று பார்க்கக்கூடாது. சாதிச் சமூகத்தில் இதற்கு என்ன பொருள் என்று யோசியுங்கள். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலியின் இயேசு சபை, உயர்சாதியினருக்கு ஒருவகைச் சந்நியாசிகளையும் மற்றவர்களுக்கு வேறு பண்டாரசாமிகளையும் வைத்துக்கொண்டது. ஒரே சபையின் சகோதரர்கள், ஆனால் ஒருவர் போகும் வீட்டுக்கு இன்னொருவர் போக மாட்டார். அந்த மண்ணில், யார் வீட்டுக்கும் போய் உட்காரு, தண்ணீர் கொடுத்தால் குடி என்று சொல்லும் ஒரு சபை வருகிறது. விதியின் எழுத்தை நேர்மையாகப் பின்பற்றினாலே தீண்டாமை ஒரு வாசலிலாவது உடைந்தாக வேண்டும்.

இனி எம்.கே.பி. நகருக்கு வருவோம். மகாகவி பாரதி நகர் என்ற முழுப் பெயரை அங்கு யாரும் சொல்வதில்லை. வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகள், சுற்றிலும் வியாசர்பாடி, சத்தியமூர்த்தி நகர், கல்யாணபுரம், சர்மா நகர், வடக்கே போனால் கொடுங்கையூர் குப்பைமேடு. நகரத்தின் சாக்கடையும் குப்பையும் வந்து சேரும் திசையில் உழைக்கும் மக்களைக் குடிவைப்பது சென்னையின் பழைய வழக்கம். இங்கே ஒரே வீட்டுச் சுவரில் அம்பேத்கரும் வேளாங்கண்ணி மாதாவும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். ஆடி மாதம் கூழும் உண்டு, டிசம்பரில் குடிலும் உண்டு.

கிறிஸ்தவத் தொண்டு இந்தப் பகுதிக்குப் புதிது அல்ல. 1960களில் ஒர்ஃபியோ மந்தோவானி என்ற இத்தாலிய சலேசியக் குரு வியாசர்பாடியில் தொடங்கிய பீட்டிட்யூட்ஸ் இல்லத்தின் சாப்பாட்டிலும் மருந்திலும் பள்ளியிலும் வளர்ந்த தலைமுறை உண்டு. 'அரிசிக் கிறிஸ்தவர்' என்று சங்கிகள் இதைத்தான் கேலி செய்கிறார்கள். பசித்தவன் சோறு வாங்கியதில் கேலி செய்ய எதுவுமில்லை. இரண்டாயிரம் ஆண்டு ஒரு பிடி சோற்றையும் மரியாதையோடு போடாதவர்களுக்கு இதைப் பேச வாயும் இல்லை. நம்முடைய விமர்சனம் வேறு. சபை நம் வீட்டுக்குள் வந்தது ஏன் என்று அவர்கள் கேட்கிறார்கள். வந்த பிறகு ஏன் பாதியில் நின்றுவிட்டது என்று நாம் கேட்கிறோம்.

வீடு சந்திக்கப் போகிறவர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. அவர்கள் அதைக் குறிப்பேட்டில் எழுதுவதில்லை. தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர். திருமுழுக்கில் பீட்டர், பள்ளிச் சான்றிதழில் குமார். ஞாயிற்றுக்கிழமை ஒரு மதம், தாலுகா அலுவலகத்தில் ஒரு மதம். இதை ஏமாற்று என்று சொல்வதற்கு முன் இந்த நிலைக்கு அவர்களைத் தள்ளியது யார் என்று பார்க்க வேண்டும்.

1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் யாரும் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றும் வெளியேதான். தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். கல்வி உதவித்தொகை போன்ற சில சலுகைகளை மாநில அரசு அவர்களுக்கும் தருகிறது. ஆனால் 18 சதவீத இடஒதுக்கீட்டில் அவர்களுக்கு இடமில்லை. பக்கத்திலுள்ள திரு.வி.க. நகர் போன்ற தனித்தொகுதியில் அவர்கள் நிற்க முடியாது. சாதிப் பெயர் சொல்லித் திட்டினாலும் அடித்தாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவர்களுக்கு இல்லை. அடிப்பவன் ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்துவிட்டு அடிப்பதில்லை. வழக்குப் பதியும்போது மட்டும் சட்டம் அதைப் பார்க்கிறது.

சூசை வழக்கை இளைய தோழர்கள் அவசியம் படிக்க வேண்டும். சூசை சென்னைக்காரர். ரோட்டோரம் செருப்புத் தைத்தவர். ரோட்டோரத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. பக்கத்தில் அதே வேலை செய்தவர்களுக்குக் கிடைத்தது, கிறிஸ்தவர் என்பதால் சூசைக்குக் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985 செப்டம்பர் 30 அன்று தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. கிறிஸ்தவச் சமூகத்துக்குள்ளும் அதே ஒடுக்குமுறை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் வேண்டும், அது எங்கள் முன் வைக்கப்படவில்லை என்றது நீதிமன்றம்.

தோல் வேலை செய்து வாழ்ந்த ஒரு மனிதரிடம், உன் சபைக்குள் சாதி இருக்கிறது என்பதற்கு ஆதாரம் கொண்டுவா என்று கேட்டார்கள். அந்த ஆதாரம் அவர் கையில் எப்படி இருக்கும்? அது இருந்தது திருச்சபையின் கையில். கல்லறைப் பதிவேடு, திருமணப் பதிவேடு, பங்குப் பேரவைப் பதிவேடு எல்லாம் பங்கு அலுவலகத்தின் பீரோவில்தான் இருந்தன. வாரா வாரம் ஏழை வீட்டுக்குள் போய் வந்தவர்களின் குறிப்பேடுகளும் இருந்தன.

இது பழைய கதை அல்ல. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், பட்டியல் சாதி நிலையை மதத்தோடு கட்டிப்போடக் கூடாது என்று பரிந்துரைத்தது. அது கிடப்பில் போனது. 2022 அக்டோபரில் அதே கேள்வியை மறுபடி ஆராய கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதி உரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில், கிறிஸ்தவ நம்பிக்கையோடு வாழ்ந்துகொண்டு இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியலமைப்பின் மீதான மோசடி என்று புதுச்சேரி செல்வராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டு பெயரோடு வாழும் குடும்பங்களின் தலைக்கு மேல் இந்த வார்த்தை தொங்குகிறது. அந்த வீடுகளுக்கு அரிசி கொண்டுபோகும் சகோதரர்கள் இதைப் பற்றி என்ன பேசுகிறார்கள்?

'எங்கள் சபையில் சாதி பார்ப்பதில்லை. நாங்கள் சாதியே கேட்பதில்லை.' இதுதான் வழக்கமாக வரும் பதில். உதவி கேட்டு வருபவரிடம் சாதி கேட்கக்கூடாது என்பது சரியான விதி. ஆனால் கேட்காமல் இருப்பது ஒழிப்பது ஆகாது. வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலுக்கு இரண்டு கால்கள். மேல்சாதிக்கு ஒரு கூடம், மற்றவருக்கு ஒரு கூடம், நடுவில் தடுப்பு. கால்சட்டைக் கோயில் என்றே அதற்குப் பெயர் வந்தது. 1910இல் கௌசானல் என்ற பாதிரியார் அந்தத் தடுப்பை இடித்தார். மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் நீதிமன்றம் போனார்கள், உயர் நீதிமன்றத்திலும் தோற்றார்கள். யாரும் சாதி கேட்காததால் அந்தச் சுவர் விழவில்லை. இது சாதிச் சுவர் என்று ஒருவர் பெயர் சொல்லி இடித்ததால் விழுந்தது.

திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களையும் பிரித்த சுவரை நாம் அறிவோம். 2008இல் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டபோது என்ன நடந்தது என்பதையும் அறிவோம். கோட்டப்பாளையம் பங்கின் தலித் கத்தோலிக்கர்கள் பாகுபாட்டுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. இவை எதிரிகள் கட்டிவிட்ட கதைகள் அல்ல. 2003இல் தமிழக ஆயர்களிடம் பேசிய போப் இரண்டாம் ஜான் பால், சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். 2016இல் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட கொள்கை அறிக்கை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 1.9 கோடி கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும் அதே அறிக்கை சொன்னது. அப்படியானால் பெரும்பான்மை உறுப்பினர்களின் முதல் பிரச்சினை எதுவோ, அதுதானே ஒரு சகோதரச் சபையின் முதல் வேலையாக இருக்க வேண்டும்?

வடசென்னையில் அப்படிச் சுவர் இல்லையே என்பார்கள். காசிமேடு கல்லறையில் யாரும் யார் பக்கத்திலும் படுக்கலாம். உண்மைதான், நகரம் சில சுவர்களை உடைத்தது. ஆனால் சாதி கல்லறையில் விட்டதைக் கல்யாணத்தில் பிடித்துக்கொண்டது. 'ஆர்.சி.' என்ற இரண்டு எழுத்துக்குப் பின்னால் சாதிப் பெயர் போட்ட மணமகள் தேவை விளம்பரங்களைப் பாருங்கள். வாரா வாரம் ஒரே பைக்குள் கைவிட்ட சகோதரர்களில் எத்தனை பேர் சாதி தாண்டிச் சம்பந்தி ஆனார்கள்? அந்தக் கணக்கு எந்தக் குறிப்பேட்டிலும் இருக்காது.

சாதியைப் பெயர் சொல்லாத சகோதரத்துவம் எப்படி உடையும் என்பதற்கு வேறு உதாரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். பக்கத்திலிருக்கும் புளியந்தோப்பே போதும். 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் முன்னோடிச் சங்கங்களில் ஒன்று. 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். முந்தைய போராட்டத்தில் பட்டினி கிடந்த சேரிக்குத் தாங்கும் சக்தி இல்லை. அதன்பின் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளியின் கையாலேயே தொழிலாளியின் ரத்தம் சிந்தியது. அவர்களைக் கருங்காலிகள் என்று திட்டியவர்கள், ஆலைக்குள்ளேயும் அவர்கள் ஏன் கடைசி வரிசையில் இருந்தார்கள் என்று கேட்கவில்லை. சிவப்புக் கொடியோ சிலுவையோ, எதன் கீழ் நின்றாலும் பாடம் ஒன்றுதான்.

சகோதரத்துவத்தை அரசியலமைப்பின் முகப்பில் வைத்த அம்பேத்கர், அது இல்லாமல் சுதந்திரமும் சமத்துவமும் மேல்பூச்சு வண்ணம் அளவுக்குத்தான் நிற்கும் என்று 1949 நவம்பர் 25 அன்று எச்சரித்தார். சாதிகள் இருக்கும் வரை இந்தியர் ஒரு தேசமாக முடியாது என்றும் சொன்னார். அவர் பேசிய சகோதரத்துவத்தில் கொடுப்பவர், பெறுபவர் என்று இரண்டு வரிசை கிடையாது. எல்லாரும் எல்லாருடைய வாழ்விலும் தடையின்றிப் பங்கெடுப்பதுதான் அது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் வின்சென்ட் தே பவுல் சபையின் மரபுகள் பாதி வழியில் நிற்கின்றன. மீதி வழிக்கு வேறு எங்கிருந்தும் கருவி கடன் வாங்க வேண்டியதில்லை. அவர்களிடமே இருக்கின்றன.

குறிப்பேடு இருக்கிறது. சம்மதிக்கும் குடும்பங்களின் அனுபவங்களை, பெயரும் முகவரியும் மறைத்துத் தொகுக்கலாம். சான்றிதழ் மறுப்பு, வழக்குப் பதிய மறுப்பு, கோயிலுக்குள் நடந்த அவமானம் என்று வகைப்படுத்தலாம். கூடவே தன்னைத்தானே கணக்கெடுக்கலாம். கிளைத் தலைவர்கள் யார், பங்குப் பேரவையில் யார், திருவிழாவில் தேர் எந்தத் தெரு வரை போகிறது? சூசையிடம் நீதிமன்றம் கேட்ட ஆதாரம் இதுதான். பண்ணையாருக்குப் பயந்த கிராமத்துப் பங்கு இதைச் செய்யத் தயங்கலாம். தலித் உறுப்பினர்கள் நிறைந்த வியாசர்பாடி, எம்.கே.பி. நகர்ப் பக்கத்துக் கிளைகளுக்கு என்ன தயக்கம்?

இருவர் இருவராக வீடு சந்திக்கும் வழக்கம் இருக்கிறது. அது ஏன் எப்போதும் மேலிருந்து கீழே மட்டும் போக வேண்டும்? சாதிச் சுவர் இருக்கும் ஊரில் ஆதிக்க சாதிக் கிறிஸ்தவரின் வீட்டுக்கும் இருவர் போகட்டும். அங்கே அரிசிக்குத் தட்டுப்பாடு இருக்காது. ஆனால் வின்சென்ட் தே பவுல் கண்டால் கண்ணீர் விடும் ஓர் ஏழ்மை அந்த வீட்டில் இருக்கிறது. மருந்து அங்கேதான் முதலில் போக வேண்டும்.

இரட்டைக் கிளை வழக்கமும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலோ ஐரோப்பாவிலோ உள்ள ஒரு கிளை இங்கேயுள்ள ஒரு கிளையோடு உறவு வைத்து, கடிதமும் பணமும் அனுப்பும். கடல் தாண்டி உறவு வைக்க முடிந்த சபையால் ஊருக்கும் காலனிக்கும் நடுவே இருக்கும் ஒரு தெருவைத் தாண்ட முடியாதா? ஊர்க் கிளையையும் காலனிக் கிளையையும் இரட்டையாக்கட்டும். ஒரே பந்தியில் சாப்பிடட்டும். பிள்ளைகள் பழகட்டும். காதலித்தால் முன்நின்று மணமுடித்து வைக்கட்டும்.

இதெல்லாம் அரசியல், நாங்கள் ஆன்மிக அமைப்பு என்று பெரியவர்கள் சொல்லலாம். 1848இல் ஓசானாமிடமும் அதையேதான் சொன்னார்கள். ரகசியத்தைக் காப்பது எங்கள் விதி என்றும் சொல்லலாம். காக்கட்டும். ஒரு குடும்பத்துக்குச் சோறு இல்லை என்பது அந்தக் குடும்பத்தின் ரகசியம், அதை வெளியே சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஒரு குடும்பத்தைச் சாதி பார்த்து ஒதுக்கினார்கள் என்பது ஒதுக்கியவரின் குற்றம். குற்றவாளியின் ரகசியத்தைக் காப்பது எந்தப் புனிதரின் மரபும் அல்ல.

எம்.கே.பி. நகரிலும் வியாசர்பாடியிலும் பங்கு இளைஞர் குழுவில் இருந்துகொண்டே நீல சட்டை போட்டு ஏப்ரல் 14 ஊர்வலத்துக்கு வரும் தம்பி தங்கைகள் உண்டு. அவர்களைப் பார்த்து, ஒன்று கோயிலை விடு, அல்லது கொடியை விடு என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. சபைக் கூட்டத்தில் போய் உட்காருங்கள். தலித் கிறிஸ்தவர்கள் ஆண்டுதோறும் கறுப்பு நாளாக அனுசரிக்கும் ஆகஸ்ட் 10ஐ அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். அரிசிக்கும் மருந்துக்கும் அடுத்த வரியில் '1950 ஆணை: சபை என்ன செய்யப்போகிறது?' என்று எழுதச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால், கேள்வி கேட்கப்பட்டது என்றாவது குறிப்பேட்டில் பதிவாகட்டும். அடுத்த வாரம் அந்தக் குறிப்பை வாசித்துத்தான் கூட்டத்தைத் தொடங்கியாக வேண்டும். அதுவும் அவர்கள் மரபுதான்.